ஜோகுபாளையம் ஏன் சிவந்தது

"இதுக்குப் பேர் குளோரோப்ளெத். எங்களுக்கும் தெரியும் தம்பி" என்று வெங்கடசுப்ரமணியன் கம்பீரமாகச் சொன்னார்.

ஏ.சி. போட்ட கண்ணாடி அறையின் சுவரில் மாட்டியிருந்த பெங்களூர் வரைபடத்தைக் காட்டினார்.

"கோரோப்ளெத் சார்" என்றான் ஹரிஷ்குமார், புண்படுத்தும் அளவுக்கு மரியாதையாக. "மொதல்ல 'குளோ' இல்ல, 'கோ'. நெறைய பேர் அப்படித்தான் சொல்வாங்க. குளோரின், குளோரோஃபில் ஞாபகத்துல."

"நான் குளோரோஃபார்ம் ஞாபகத்துல சொன்னேன். படத்தைப் பார்த்ததுமே மயக்கம் வந்தது."

யாரும் சிரிக்கவில்லை. அவருடைய ஹாஸ்யத்துக்கு இது வழக்கம்தான். காலையில் மெட்ரோவில் போனைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த வார்த்தை அது. ராகிகுட்டா ஸ்டேஷன் வரை சரியாகத்தான் இருந்தது. பொம்மசந்திராவில் இறங்குவதற்குள் எங்கேயோ ஓர் எழுத்து டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொண்டுவிட்டது.

அவர் மனைவி கோமளம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்தில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுவாரமே பக்கத்து ஃப்ளாட்டில் காணாமல் போன கேஸ் சிலிண்டரைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அதிலிருந்து ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். 'கோமளம் அண்ட் அசோசியேட்ஸ்' என்று கார்டு அடித்தது வெங்கடசுப்ரமணியன்தான். அசோசியேட்ஸ் என்பது பன்மை. ஆள் என்னவோ அவர் ஒருத்தர்தான். அவள் துப்பறிவாள். அவர் பை தூக்குவார், போட்டோ எடுப்பார், தப்பாகப் பேசுவார்.

அன்றைக்கு அவர்களை அழைத்து வந்தவள் அறையின் மூலையில் நின்றுகொண்டிருந்தாள். பெயர் சாந்தகுமாரி. சிட்டுக்குருவி பார்சல் என்ற கம்பெனிக்கு ஜோகுபாளையத்தில் இருக்கும் கோடவுனில் சூப்பர்வைசர். சில மாதமாகக் கம்பெனியில் பார்சல்கள் காணாமல் போகின்றன. போன் போகிறது, மிக்ஸி போகிறது, ஒரு தடவை கல்யாணப் பட்டுப்புடவையே போய்விட்டது. எங்கே எவ்வளவு போனது என்று கம்பெனியின் புள்ளிவிவரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஹரிஷ்குமார் ஒரு படம் போட்டான். அதில் ஜோகுபாளையம் வெந்த பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது. மாலையில் முதலாளியம்மா சென்னையிலிருந்து வந்ததும் போலீஸுக்குப் புகார் போகும். அதற்குள் யாரை வேண்டுமானாலும் கூட்டி வந்து பேசிக்கொள் என்று சாந்தகுமாரிக்குச் சலுகை கிடைத்திருந்தது. அவள் கூட்டி வந்த 'யாரோ' இவர்கள்தான்.

"இந்தப் படத்தோட சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்லுங்கோ" என்றாள் கோமளம்.

ஹரிஷ்குமாரின் முகம் மலர்ந்தது. கேட்க ஆள் கிடைக்காத பாகவதருக்குச் சபை கிடைத்த மாதிரி.

"ஊரைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நம்பரை வெச்சு, நம்பர் ஏற ஏற நிறத்தையும் அடர்த்தியாக்கணும் மேடம். அவ்வளவுதான். வார்த்தை கிரேக்கத்துல இருந்து வந்தது. 'கோரா'ன்னா இடம். 'ப்ளெதோஸ்'னா திரள், கூட்டம். ஒரு இடத்துல எது எவ்வளவு திரண்டிருக்குன்னு காட்டற படம். பேர் வெச்சவர் ஒரு அமெரிக்கப் புவியியல்காரர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டுல. ஆனா படம் அதுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே பிரான்ஸ்ல வந்தாச்சு."

"பொறந்து நூறு வருஷம் கழிச்சா பேர் வெச்சா?" என்றார் வெங்கடசுப்ரமணியன். "எங்காத்துல புண்யாஹவாசனத்தன்னிக்கே வெச்சுடுவோம்."

"சும்மா இருங்கோ" என்றாள் கோமளம். பிறகு ஹரிஷ்குமாரிடம், "எவ்வளவு அழகா சொல்றேள். ஸ்டாடிஸ்டிக்ஸா படிச்சேள்?"

"எம்.எஸ்ஸி. மேடம். கோல்டு மெடல்."

"எந்த ஊர்?"

"தாரமங்கலம். சேலம் பக்கம்."

"சந்தோஷம். இங்கே காபி கிடைக்குமா?"

வெங்கடசுப்ரமணியனுக்கு ஏமாற்றமாக இருந்தது. குறுக்கு விசாரணைக்காக முழுக்கைச் சட்டையும், அதன் பையில் இரண்டு பேனாவும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒன்று சிவப்பு மை. எழுந்து போகும்போது கோமளம் பார்க்கச் சொன்ன இடங்களையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டார். திருட்டுப் படம் ஒன்று. அதன் பக்கத்தில், பார்சல்கள் எங்கே தாமதமாகின்றன என்று காட்டும் இன்னொரு படம். முதல் போட்டோவில் அவருடைய கட்டைவிரலும் விழுந்திருந்தது. இரண்டாவது முயற்சியில் விரல் பாதிதான் விழுந்தது.

*

கேன்டீன் கீழ்த்தளத்தில் இருந்தது. சாந்தகுமாரி காபியைத் தொடவே இல்லை.

"எங்கப்பா காலத்துல இருந்து ஜோகுபாளையத்துலதான் மேடம் இருக்கோம். அந்தத் தெருவுல எங்க வீட்டு வாசல்ல போலீஸ் வண்டி வந்து நின்னா, எதுக்கு வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்கோ. வந்துச்சுன்றதே போதும் அவுங்களுக்கு. என்கிட்ட வேலை பண்றவங்கோ எல்லாரும் அக்கா அக்கான்னு உயிரை விடுவாங்கோ. நேத்துல இருந்து ஒருத்தர்கூட போன் பண்ணல."

"நீ எடுத்தியா?"

"மேடம்!"

"கேக்கணும் இல்லையா. கேட்டுட்டேன். காபியைக் குடி, ஆறிப் போயிடும்."

இந்த இடத்தில் ஓர் உதவியாளர் சும்மா இருக்கக்கூடாது என்று வெங்கடசுப்ரமணியனுக்குத் தோன்றியது. எழுந்து பின்னால் கைகட்டிக்கொண்டு சுவர் ஓரமாக உலாவினார். கை கழுவும் இடத்துக்கு மேலே இன்னொரு பெங்களூர் வரைபடம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதே சிவப்பு, அதே ஜோகுபாளையம். ஆனால் வலது பக்கம், ஹோஸ்கோட்டேக்கு அருகில், மேல்தளத்தில் பார்த்த படத்தில் இல்லாத ஒரு சிவப்பு வட்டம். சட்டத்தின் கண்ணாடி மேலேயே, யாரோ மறைக்க முயன்ற மாதிரி தேய்ந்துபோய்.

துப்பு கிடைத்துவிட்ட வேகத்தில் அவர் நெருங்கிப் போனார். நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார்.

"கோமு! இங்கே வா. படத்தைத் திருத்தியிருக்கான். ஹோஸ்கோட்டேல ரகசியமா ஒரு சிவப்பு!"

பக்கத்து மேஜைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாந்தகுமாரி சங்கடத்துடன் எழுந்து வந்தாள்.

"சார்... அது குங்குமம் சார்."

"எது?"

"ஆயுத பூஜைக்கு வெச்சது. லாரி, கம்ப்யூட்டர், தராசு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாங்கோ. இந்தப் படத்துக்கும் வெச்சுட்டாங்கோ. கீழ சந்தனம்கூட இருக்குது பாருங்கோ."

சந்தனம் இருந்தது. அவர் நகத்திலும் இருந்தது.

கோமளம் சிரித்தாள். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கும் அவளுடைய சிரிப்பு. அவள் போன பிறகு அந்தச் சிரிப்பை வெங்கடசுப்ரமணியன் இன்றைக்கும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். வீட்டில் எல்லா அறையிலும் பார்த்தாகிவிட்டது. கிடைக்கவில்லை. துப்பறியத் தெரிந்தவள் அவள்தானே.

அன்றைக்குச் சிரித்து முடித்தவள் சட்டென்று எழுந்து படத்தருகே வந்தாள்.

"வரைபடத்துக்கு எதுக்கு பூஜை?"

"பரிசுப் படம் மேடம் அது" என்றாள் சாந்தகுமாரி. "எந்த கோடவுன் ஜாஸ்தி பார்சலை ஒழுங்கா கொண்டு சேர்த்துச்சுன்னு போட்டது. நாங்கதான் ஃபர்ஸ்ட். எனக்கு ஹாட்பாக்ஸ் குடுத்து போட்டோகூட எடுத்தாங்கோ."

"ஏன்னா, மேலே எடுத்த போட்டோவைக் காட்டுங்கோ. உங்க விரல் இல்லாத பக்கமா."

போனைப் பரிசுப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். கோமளம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜோகுபாளையம் இரண்டிலும் கருஞ்சிவப்பு. அதைச் சுற்றி இருந்த பகுதிகள் இரண்டிலும் சிவப்பு. வெளியே போகப் போக இரண்டிலும் வெளுத்துக்கொண்டே போயிற்று. அப்பா ஜாடை அப்படியே பிள்ளைக்கு வந்த மாதிரி.

"பாத்தேளா? ஒரே படம். ஒண்ணுக்கு ஹாட்பாக்ஸ், ஒண்ணுக்கு போலீஸ்."

"புரியலை."

"வைகுண்ட ஏகாதசிக்குக் கோயில்ல எக்கச்சக்கமா செருப்பு தொலையறது. பெருமாள் திருடினார்னா அர்த்தம்? கூட்டம் ஜாஸ்தி, தொலையறதும் ஜாஸ்தி. மேலே மாட்டியிருக்கறது திருட்டுப் படமே இல்லை. எங்கே பார்சல் ஜாஸ்தி போறதோ அந்தப் படம். தொலைஞ்சதை மொத்தத்தால வகுத்தாத்தான் திருட்டு எங்கேன்னு தெரியும். ரெண்டு படத்துலயும் நம்பர் போட்டிருக்கு. வகுங்கோ."

வெங்கடசுப்ரமணியன் வாழ்நாள் முழுவதும் வங்கியில் கணக்கர். வகுத்தல் அவருக்குச் சொந்த ஊர். போனில் கால்குலேட்டரைத் திறந்து தடதடவென்று அழுத்தினார்.

"ஜோகுபாளையத்துல ஒவ்வொரு பார்சலும் முன்னூறு தடவை திருடு போயிருக்கு!"

"தலைகீழா வகுத்திருக்கேள்."

மறுபடி வகுத்தார். ஜோகுபாளையத்தில் நூறு பார்சலுக்கு அரைப் பார்சல்கூடத் தொலையவில்லை. கம்பெனியிலேயே குறைவு அதுதான். வரிசையாக வகுத்துக்கொண்டே போனார். எல்லா இடத்திலும் ஒன்று, ஒன்றரை. கடைசியில் படத்தின் அடியில், ஓசூர் எல்லையை ஒட்டி, அகலமாகவும் வெளிர் ரோஜா நிறத்தில் அப்பாவியாகவும் படுத்திருந்த பகுதிக்கு வந்தார். அத்திபெலே. நூற்றுக்குப் பதினான்கு.

"தப்பா அழுத்திட்டேன் போலிருக்கு" என்று மறுபடி போட்டுப் பார்த்தார். பதினான்கேதான்.

"போறதே கொஞ்சம் பார்சல். அதுல ஏழுல ஒண்ணு காணோம்" என்றாள் கோமளம். "அந்த கோடவுன் யார் பொறுப்பு?"

சாந்தகுமாரி தரையைப் பார்த்தாள். "காண்ட்ராக்ட் மேடம். கணேசமூர்த்தின்னு ஒருத்தர். ஹரிஷ் சாரோட மச்சான்."

"கேஸ் முடிஞ்சது!" என்றார் வெங்கடசுப்ரமணியன்.

"ஒண்ணும் முடியலை. 'ஸாரி மேடம், வகுக்க மறந்துட்டேன்'னு ஹரிஷ் சொல்லிட்டுப் போயிடுவான். மச்சான் நாளைக்கே எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிடுவான். பழி இவ மேல பாதி ஒட்டிண்டே இருக்கும். மறதிக்காக யாரையும் ஜெயில்ல போடறதில்லை. போட்டா நீங்க இப்படி வெளியில உலாத்த முடியுமா?"

"அப்போ என்ன பண்றது?"

"அவனுக்கு மறதி இல்லைன்னு அவன் வாயாலேயே வரணும்."

*

முதலாளியம்மா அலர்மேல்மங்கை மேலே கண்ணாடி அறைக்கு வந்தபோது வெளியே ஓசூர் ரோடு முழுக்க லாரி வரிசையாக நின்றிருந்தது. களைப்பான முகம், சுருக்கமான பேச்சு. புகார்க் கடிதம் டைப் ஆகி மேஜைமேல் தயாராக இருந்தது.

"சொல்லுங்க. என்ன கண்டுபிடிச்சீங்க?"

"படம் சரியாத்தான் இருக்கு" என்றாள் கோமளம். "தொலைஞ்ச பார்சல்ல ஜாஸ்தி ஜோகுபாளையத்துலதான்."

சாந்தகுமாரி பழையபடி மூலைக்கே போய் நின்றாள். வெங்கடசுப்ரமணியன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கேன்டீனில் வேறு மாதிரி பேசியவள் இவள்தானா? ஒருவேளை அவர் இரண்டாவது தடவையும் தலைகீழாக வகுத்துத் தொலைத்துவிட்டாரா? அதுவும் நடக்கக்கூடியதுதான்.

ஹரிஷ்குமார் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"ஆனா ஒரு சின்ன உபகாரம்" என்றாள் கோமளம். "எங்காத்துக்காரருக்கு இந்தப் படமே இன்னும் பிடிபடலை. காலையில நீங்க சொன்னதையே இவருக்குப் புரியற மாதிரி இன்னொரு தரம் சொல்லுங்கோளேன். இல்லேன்னா மெட்ரோல போறச்சே என் பிராணனை வாங்கிடுவார்."

அலர்மேல்மங்கை கடிகாரத்தைப் பார்த்தாள். ஆனால் ஹரிஷ்குமார் அதற்குள் எழுந்துவிட்டான். ஜெயித்த மனிதனுக்குத் தாராளம் வரும்.

"ரொம்ப சிம்பிள் சார். கோரா, இடம். ப்ளெதோஸ், திரள். இடத்துக்கு இடம் திரள் எப்படி மாறுதுன்னு நிறத்துல காட்டறோம்."

வெங்கடசுப்ரமணியன் புரியாத மாதிரி நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர் மண்டைக்குள் வைகுண்ட ஏகாதசியும் செருப்பும் குங்குமமும் கலந்து சுற்றிக்கொண்டிருந்தன. உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்:

"அப்போ ஜனங்க ஜாஸ்தி இருக்கற இடமெல்லாம் தானாவே சிவந்துடாதோ தம்பி? சிக்பேட்டை எப்பவும் சிவப்பு, காடு எப்பவும் வெள்ளைன்னு ஆயிடுமே?"

"ஆகும் சார். எல்லாரும் மாட்டிக்கற இடமே அதுதான்" என்றான் ஹரிஷ்குமார் உற்சாகமாக. "எண்ணிக்கையை அப்படியே நிறமாக்கிட்டா அது வெறும் ஆள் நடமாட்டப் படம்தான். ஃபர்ஸ்ட் இயர் பசங்க பண்ற தப்பு. அதுக்குத்தான் எப்பவும் மொத்தத்தால வகு..."

அவன் வாய் திறந்தபடியே நின்றது. மிச்ச எழுத்துகள் உள்ளேயே தங்கிவிட்டன.

"சொல்லுங்கோ" என்றாள் கோமளம் மிருதுவாக. "வகுக்கணும். இதோ, தாமதப் படம். நீங்க போட்டது. கீழே 'நூறு பார்சலுக்கு'ன்னு இருக்கு. அழகா வகுத்திருக்கேள். திருட்டுப் படத்துல மட்டும் அந்த வரி இல்லை. கோல்டு மெடல் வாங்கினவர் ஒரு நாள் லீவுல போனாரா? ஃபர்ஸ்ட் இயர் பையன் யாராவது வந்து போட்டுட்டுப் போனானா?"

"மேடம், அது... டைம் இல்லாம..."

"இவர் வகுக்கலைன்னா எனக்குப் புரியும். இவருக்கு வகுக்கவே வராது. இவர்கிட்ட சொல்லிக் குடுக்கற அளவுக்குத் தெரிஞ்ச நீங்க வகுக்காம விட்டேள்னா, வகுத்தா என்ன வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு அர்த்தம்."

"என்ன வரும்?" என்று கேட்டாள் அலர்மேல்மங்கை.

"அத்திபெலே" என்றாள் கோமளம்.

முதலாளியம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு ஹரிஷ்குமாரைப் பார்த்தாள்.

"அந்த கோடவுனை உங்க மச்சானுக்குக் குடுங்கன்னு என்கிட்ட சொன்னது நீங்கதானே ஹரிஷ்?"

"மேடம், நான் எதையும் எடுக்கல" என்றான். காலையில் கிரேக்கம் பேசிய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "எனக்குத் தெரிய வந்தப்போ ரொம்ப லேட்டாயிடுச்சு. மூட்டையைப் பிரிச்சு ஓசூர்ல வித்துட்டான். எங்க அக்கா அழுவுது. ஒரே ஒரு படம்தானே, யார் உக்காந்து வகுத்துப் பார்க்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

"அந்த ஒரு படத்துல இவ இருந்தாளே" என்றாள் கோமளம், சாந்தகுமாரியைக் காட்டி.

அலர்மேல்மங்கை புகார்க் கடிதத்தை இரண்டாகக் கிழித்தாள். ஹரிஷ்குமாரை வெளியே உட்காரச் சொன்னாள். அவன் போனதும், பேசிப் பழகாத ஒன்றைப் பேசுகிறவள் போலத் தடுமாறி, "சாந்தகுமாரி, நான் பண்ணது தப்பு. எல்லார் எதிர்லயும் சொல்றேன். நாளைக்குக் காலையில எல்லா கோடவுன்லயும் புதுப் படம் மாட்டச் சொல்றேன்" என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. வெங்கடசுப்ரமணியனின் சட்டைப் பையைப் பார்த்துக் கை நீட்டினாள். அவர் பெருமையுடன் சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். சுவரில் இருந்த படத்தில் அத்திபெலேயின் ஓரத்திலிருந்து அவள் சிவப்படிக்க ஆரம்பித்தாள். கோபத்தில் கோடுகள் தாறுமாறாக விழுந்தன. வெங்கடசுப்ரமணியனுக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டியும் விட்டார், ஒரே ஒரு தட்டு.

"வேணாம் மேடம்" என்றாள் சாந்தகுமாரி.

பேனா நின்றது.

"அங்க லோடிங்ல ஆறு பேர் இருக்காங்கோ. ரெண்டு பேர் என்கிட்ட வேலை கத்துக்கினு போனவங்கோ. ஓசூர்ல இருந்து பைக்ல வர்றாங்கோ தினமும். எடுத்தது ஒருத்தன். நீங்கோ மொத்தத்துக்கும் அடிச்சா, நாளைக்கு அவுங்க எல்லாரும் என்னை மாதிரி மூலையில நிக்கணும்."

"வகுத்துப் பார்த்து வந்த சிவப்பு இது" என்றாள் அலர்மேல்மங்கை. "இது பொய் இல்லையே."

"அது எனக்குத் தெரியாது மேடம். நான் ரெண்டு நாளா சிவப்புக்குள்ள இருந்தேன். அவ்வளவுதான் தெரியும்."

வெங்கடசுப்ரமணியன் கோமளத்தைப் பார்த்தார். எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருப்பவள். இது மாதிரிப் படங்களை அரசாங்கத்துக்காக வருஷக்கணக்காகப் போட்டுத் தள்ளியவள். அவள் கைப்பையின் பித்தளைக் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கைதட்டிய தன் இரண்டு கைகளையும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

அலர்மேல்மங்கை பேனாவை மூடினாள். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, முகம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி சாய்த்து வைத்தாள்.

"கணேசமூர்த்தி பேர்ல மட்டும் புகார் எழுதறேன்" என்றாள். "நீ வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு."

அப்போது சாந்தகுமாரியின் போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தாள், அவளுடைய கோடவுனில் வேலை செய்யும் ஒருத்தி. நம்பாமல் மறுபடி பார்த்தாள். காதில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லு ராதா... லாரி வந்துடுச்சா?... எல்லாரும் நிக்கறீங்களா? எறக்கலாமான்னு என்னையா கேக்கறே?" கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டாள். "எறக்கு. கண்ணாடி சாமான்லாம் தனியா வை. நான் வந்துகினே இருக்கேன்... இல்லடி, அழல. ஏ.சி. ரூம்ல நிக்க வெச்சுட்டாங்கோ, சளி புடிச்சுக்கிச்சு."